கர்ப்ப காலத்தில் கொசுக் காய்ச்சல்: அலட்சியமா, இல்லாமையா?

தாழ்வாரம்:

கர்ப்பிணிகளுக்கு ஒரு துண்டறிக்கை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா நான்கையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். எழுதியும் விட்டேன். வலைக்குள் தூங்குங்கள், கை கால் மறைய உடுத்துங்கள், தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாக எல்லோரும் எழுதுவதுதான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இதில் எது என் கையில் இருக்கிறது?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒரே அறையில் ஐந்து பேர். ஒரு வலை கட்டத்தான் இடம், அதில் சின்னப் பிள்ளைகள் படுக்கிறார்கள். குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி இல்லை.

எனக்குப் பதில் வரவில்லை. துண்டறிக்கையும் அப்படியே கிடக்கிறது. இந்த நோய்களில் எவ்வளவு தூரம் தெரியாமை, எவ்வளவு தூரம் இல்லாமை? களத்தில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கேள்விக்குறி:

இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் வறுமைதான் காரணம் என்று முடித்துவிடுகிறோம். டிரம்மின் வாயைத் துணியால் கட்ட என்ன செலவு? பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்க என்ன செலவு? கொசு பணக்காரன், ஏழை பார்த்துக் கடிப்பதில்லை. மாடி வீட்டுக்காரர்களுக்கும்தான் டெங்கு வருகிறது. அந்தப் பெண்ணின் நிலை வருத்தமானது, மறுக்கவில்லை. அதற்காகச் சுத்தம் பற்றிப் பேசுவதையே தப்பாக்கிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

பார்த்துக் கடிப்பதில்லை, சரி. ஆனால் உள்ளே நுழைய வழி இருக்கிற வீட்டில்தானே கடிக்கும்?

ரியோ கிராண்டே ஆற்றின் இரு கரையிலும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்கப் பக்கம் லரேடோ, மெக்சிகோ பக்கம் நுவேவோ லரேடோ. ஒரே வெயில், ஒரே மழை, பாலத்தைக் கடந்து தினமும் ஆட்கள் போய்வருகிறார்கள். 1999இல் அங்கே டெங்கு பரவியபோது இரு பக்கமும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சமீபத்தில் தொற்று வந்துபோன அடையாளம் மெக்சிகோ பக்கத்தில் 16 விழுக்காட்டினரிடம் இருந்தது, அமெரிக்கப் பக்கத்தில் 1.3 விழுக்காட்டினரிடம்தான். வேடிக்கை என்னவென்றால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகமாக இருந்தது அமெரிக்கப் பக்கம். அதாவது கொசுவை அதிகம் வளர்த்தவர்கள் தப்பித்துவிட்டார்கள். ஏசி போட்டு சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது, துடைப்பம் அல்ல.

இது கர்ப்பிணிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்விக்குறி கேட்டதற்கு இதுதான் நேர்ப் பதில்.

டிரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஸ் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டை ஒட்டும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். எனவே மூடினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் கொட்டி உள்சுவரைத் தேய்க்க வேண்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் அரை டிரம் தண்ணீரைக் கொட்டச் சொல்லிப் பாருங்கள். குழாயில் தினமும் தண்ணீர் வருகிறவர்களுக்கு டிரம்மே தேவையில்லை.

செவிலியக்கா:

இருபது வருடமாகப் பிரசவ வார்டிலும் வெளிப்பணியிலும் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கர்ப்பிணியையும் மற்றவர்களையும் கொசு ஒரே மாதிரி நடத்துவதில்லை. காம்பியாவில் செய்த ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்தது. மலேரியாக் கொசுக்கள் கர்ப்பிணிகளை நோக்கி ஏறக்குறைய இரு மடங்கு வந்தன. மாசம் ஏற ஏற மூச்சுக்காற்று அதிகம், வயிற்றுப் பக்கம் உடம்புச் சூடும் கூடுதல், கொசுவுக்கு இரண்டும் வழிகாட்டி. அதே ஊர்ப்பக்கம் இன்னொன்றையும் கவனித்தார்கள்: இரவில் சிறுநீர் கழிக்க வலையை விட்டு எழுந்து போவதும் கர்ப்பிணிகளிடம் இரு மடங்கு. கழிவறை அறையை ஒட்டி இருந்தால் ஒரு நிமிட வேலை. வீட்டுக்கு வெளியே, ஐந்து குடும்பத்துக்குப் பொதுவாக இருந்தால் இருட்டில் எவ்வளவு நேரம்? வலை கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் டிக் போடுகிறோம். கழிவறை எங்கே என்று கேட்க அதில் கட்டமே இல்லை.

அடுத்து மலேரியா. ஃபால்சிபாரம் வகையில் கிருமி ஏறிய சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் சில நேரம் தெரியாது. தாய்க்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கும். உள்ளே ரத்தசோகை கூடும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். எப்போதும் மலேரியா இருக்கிற பகுதிகளில் முதல் கர்ப்பம்தான் மிகவும் ஆபத்தானது. நஞ்சுக்கொடியில் ஒட்டும் அந்த வகைக்கான எதிர்ப்பு அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் உடம்பில் உருவாகும்.

இதைச் சமூகத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். முதல் கர்ப்பம் என்றால் பெரும்பாலும் வயது குறைந்த பெண். கையில் சொந்தக் காசு இருக்காது. வீட்டில் அவள் வார்த்தை எடுபடாது. மணமாகாத பெண் என்றால் நான்கு, ஐந்து மாதம் மறைத்தே வைத்திருப்பாள். உடம்புக்கு ஆபத்து உச்சத்தில் இருக்கும் கர்ப்பமும், வீட்டில் அவளுக்குச் செல்வாக்கே இல்லாத காலமும் ஒன்றாக வந்து சேருகின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான்.

மலேரியா அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கர்ப்பிணிகளுக்குச் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரையைத் தடுப்பாகக் கொடுக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் கொடுக்கக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும், மாதம் ஒரு தடவை என்ற இடைவெளியில், குறைந்தது மூன்று முறை. 2012 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது. மாத்திரை மலிவு. பெரும்பாலான பெண்கள் ஒரு முறையாவது பரிசோதனைக்கு வந்தும்விடுகிறார்கள். ஆனால் மூன்று தவணையும் கிடைப்பது பாதிக்கும் குறைவானவர்களுக்கே. அதாவது நம் வாசலுக்கு வந்தவர்களையே நாம் கோட்டை விடுகிறோம். மாத்திரை இருப்பில் இல்லை, பரிசோதனை அட்டைக்குக் கட்டணம், எந்த மாதத்தில் கொடுப்பது என்று ஊழியருக்கே குழப்பம். ஃபோலிக் அமிலத்தை 5 மில்லிகிராம் அளவில் கொடுத்துவிட்டால் இந்த மாத்திரையின் வேலை கெடும், 0.4 போதும். அதையும் கவனிப்பாரில்லை.

இதோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாம் மாதத்தில் முதன்முதலாக வரும் பெண்ணை "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்?" என்று திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கியவள் அடுத்த மாதம் வருவதில்லை. அப்புறம் அவளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கை எழுதுவதும் நாங்களே.

கேள்விக்குறி:

செவிலியக்கா, கடைசிப் பத்தி எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காதே. வலையை மீன்பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்திருக்கிறேன். சின்னத் தொகையாவது வாங்கினால்தானே உண்மையில் தேவைப்படுகிறவர் மட்டும் வாங்கிப் போவார்?

கணக்குப்பிள்ளை:

இதே வாதத்தைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள், அதுவும் கர்ப்பிணிகளை வைத்து. மேற்குக் கென்யாவில் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு, சில மருத்துவமனைகளில் மருந்தூட்டிய வலையை இலவசமாகவும் சிலவற்றில் வெவ்வேறு சலுகை விலைக்கும் கொடுத்தார்கள். எந்த மருத்துவமனைக்கு எந்த விலை என்பது குலுக்கல் முறையில். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா இருவரின் ஆய்வு, 2010இல் வெளியானது.

இலவசத்திலிருந்து 0.60 டாலருக்கு ஏற்றியதும் வாங்கியவர்களின் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. அப்போதும் அது அசல் செலவில் பத்தில் ஒரு பங்குதான். சரி, காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிக அக்கறையாகப் பயன்படுத்தினார்களா? இல்லை. இலவசமாக வாங்கியவர்களும் அதே அளவுக்குப் பயன்படுத்தினார்கள். விலை வைத்தால் அதிகம் தேவைப்படுகிறவர்கள் மட்டும் வருவார்கள் என்பதும் பொய்த்தது. காசு கொடுத்தவர்களின் ரத்தசோகை மற்றவர்களைவிட மோசமாக இல்லை. ஆக அந்தச் சின்ன விலை வடிகட்டியது அலட்சியக்காரர்களை அல்ல, காசில்லாதவர்களை.

இரவுப்பணியாளன்:

இந்த இழையைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மனைவிக்கு எட்டாம் மாதத்தில் டெங்கு வந்தது. எங்கள் வீட்டில் வலை இருந்தது, தினமும் கட்டினோம். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். தெரிந்து என்ன? நான் இரவுக் காவல் வேலை, பகலில் வலைக்குள் தூங்கியது நான். அவள் பகல் முழுக்க வெளித்திண்ணையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெளிச்சம் போதாது, விளக்கைப் போட்டால் மின்கட்டணம்.

முதல் நாள் காய்ச்சலை உடம்பு அசதி என்று நினைத்தோம். இரண்டாம் நாள் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அது டெங்குவில் கொடுக்கக் கூடாத வகை என்று பிறகுதான் தெரிந்தது. மருத்துவரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனால் அன்று பகலில் எனக்குத் தூக்கமில்லை, தூங்காமல் வேலைக்குப் போய்க் கண்ணயர்ந்தால் வேலை போய்விடும். அவளுக்கோ தைத்துக் கொடுக்க வேண்டிய உருப்படிகள் இருந்தன. ஒரு நாள் பார்க்கலாம் என்றோம்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. நிம்மதியாக இருந்தோம். அன்று மாலைதான் வயிற்றுவலி, வாந்தி. முதலில் போன இடத்தில் பிரசவ வலியாக இருக்கும் என்று காத்திருக்க வைத்தார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை, தட்டணுக்கள் இறங்கியிருக்கின்றன, வேறு இடத்துக்குப் போ என்றார்கள். இரண்டாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கடன் அடைக்க இரண்டு வருடம் ஆனது.

அந்த ஒன்பது நாளில் பார்வையிட வந்த ஒரு பயிற்சி மருத்துவர், "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று அவளிடம் கேட்டார். கொசு வளர்ந்தது எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்தில் பாதியில் நின்றுபோன கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னோம், யாரும் வரவில்லை.

செவிலியக்கா:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் எல்லோரும் கவனிக்க வேண்டியது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், இபுப்ரோஃபன், ஆஸ்பிரின் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

கர்ப்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கர்ப்பிணியின் ரத்தம் இயல்பாகவே நீர்த்திருக்கும். டெங்குவில் ரத்தம் கெட்டியாவதைப் பார்த்துத்தான் நிலைமையை எடை போடுவோம். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். கர்ப்ப கால ரத்த அழுத்தச் சிக்கல்களிலும் தட்டணு இறங்கும், அதனால் குழம்பிப் போவதும் உண்டு. முன்பே எடுத்த ரத்த அளவு அட்டையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சீராகப் பரிசோதனைக்கு வர முடிந்தவரிடம் அந்த அளவு இருக்கும். கூலி போகும் என்று வராமல் இருந்தவரிடம் இருக்காது. ஏழைக்கு நோய் வருவது மட்டுமல்ல, வந்த நோயைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது.

சிக்குன்குனியா வேறு கதை. அது பிரசவ நேரத்தில் தாய்க்கு இருந்தால்தான் பிள்ளைக்குப் பெரும் ஆபத்து. ரீயூனியன் தீவில் 2005-06இல் பரவியபோது, கிருமி ரத்தத்தில் இருக்கும்போதே பிரசவித்த தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்றியது. அறுவை செய்து எடுத்தும் தடுக்க முடியவில்லை. அதனால் கடைசி இரண்டு வாரம் அவளைக் கொசுவிடமிருந்து காப்பது மிக முக்கியம். அந்த இரண்டு வாரமும் சம்பளத்தோடு வீட்டில் இருக்கும் வசதி எத்தனை பேருக்கு? உலகில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள்.

பணிக்காக இடம்பெயரும் பெண்களையும் மறந்துவிட வேண்டாம். மலேரியா இல்லாத பகுதியிலிருந்து தோட்டம், சுரங்கம், காட்டு வேலை என்று போகும் கர்ப்பிணிக்கு உடம்பில் எதிர்ப்பே இருக்காது. அங்கே எத்தனையாவது கர்ப்பம் என்ற கணக்கெல்லாம் எடுபடாது, எல்லோருக்கும் கடுமையாகவே தாக்கும்.

ஈரமண்:

ஜிகாவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2015இல் பிரேசிலின் வடகிழக்கில், முக்கியமாகப் பெர்னாம்புகோ மாநிலத்தில், கர்ப்பத்தில் தாய்க்கு ஜிகா தொற்றியதால் தலை சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. அவர்களின் தாய்மார்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். வறட்சி, குழாயில் தண்ணீர் இல்லை, வீட்டுக்கு வீடு சேமிப்புத் தொட்டி. மேலே கணக்குப்பிள்ளை சொன்ன அதே டிரம் கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2016 பிப்ரவரி 1 அன்று அவசரநிலை அறிவித்தது, அதே ஆண்டு நவம்பர் 18 அன்று முடித்துக்கொண்டது. அன்று பிறந்த பிள்ளைகள் பத்து வயதை எட்டும் காலத்திலும் தூக்கிச் செல்வதும் உணவு ஊட்டுவதும் தாய்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் கிடைத்த மாத உதவிக்கு ஒரு வருமான வரம்பு இருந்தது: குடும்பத்தில் தலைக்கு, குறைந்தபட்ச ஊதியத்தில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். அதாவது தாய் ஒரு சின்ன வேலைக்குப் போய் வரம்பைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். வேலைக்கும் போக முடியாது, போகாமலும் இருக்க முடியாது. 2020இல்தான் 2015 முதல் 2019 வரை பிறந்த குழந்தைகளுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் என்று சட்டம் வந்தது.

எல் சால்வடோரில் நடந்தது இன்னும் விசித்திரம். 2018 வரை கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிப்போடுங்கள் என்று 2016 ஜனவரியில் பெண்களுக்கு அரசு அறிவுரை சொன்னது. அந்த நாட்டில் கருக்கலைப்புக்கு முழுத் தடை. எப்போது கர்ப்பம் என்பது அவள் மட்டுமே முடிவு செய்கிற விஷயம் போல ஓர் அறிவுரை! ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும். பிறகு ஏன் பெண்களை மட்டும் பார்த்துப் பேச வேண்டும்?

மழைவிட்டவானம்:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. கொசு விரட்டிக் களிம்பைக் கர்ப்பிணிகள் பூசலாமா? வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

செவிலியக்கா:

டீட் (DEET) என்ற கொசு விரட்டி மருந்து உள்ள, அங்கீகாரம் பெற்ற களிம்பை உறையில் சொன்ன அளவில் பூசலாம். துணி மறைக்காத இடத்தில் மட்டும் போதும்.

கேள்விக்குறி:

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். லரேடோவும் கென்யாவும் எனக்குப் புதிது. இரவுப்பணியாளன் எழுதியது வேறு வகையில் தைத்தது. அந்தப் பயிற்சி மருத்துவர் கேட்டதைத்தான் நானும் முதல் பதிவில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் முழுதாக இறங்கவில்லை. தொட்டியை மூட வேண்டியவர் மூடும்வரை அந்தப் பெண் என்ன செய்வாள்? குழாயும் கழிவறையும் வரும்வரை சும்மா இருக்க முடியாதே. துண்டறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டால் அவளுக்கு அதுவும் இல்லாமல் போகும். வலை வேலை செய்கிறது, மாத்திரை வேலை செய்கிறது. அதைச் சொல்லத்தானே வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

சொல்ல வேண்டும், மறுப்பில்லை. யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் இங்கே தகராறு. வலை ஒன்றுதான் என்றால் அதில் யார் படுப்பது என்று முடிவு செய்பவர் கையில் துண்டறிக்கை போக வேண்டும்.

தாழ்வாரம்:

மூன்று நாளாக எல்லாவற்றையும் படித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். பக்கத்தை நான்காக மடித்தேன், நான்கு பேருக்கு.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஒரே வலை என்றால் கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் அதில் படுக்கட்டும். பகலில் அவள் ஓய்வெடுக்கும்போதும் வலை வேண்டும். தண்ணீர் தூக்குவதும் டிரம் தேய்ப்பதும் மற்றவர்கள் வேலை.

வேலை கொடுப்பவருக்கு: மாதம் ஒரு நாள் பரிசோதனைக்குக் கூலி பிடிக்காதீர்கள். காய்ச்சல் என்றால் அன்றே அனுப்புங்கள்.

வீட்டு உரிமையாளருக்கு: மேல்தொட்டிக்கும் நிலத்தடித் தொட்டிக்கும் மூடி, சன்னலுக்குக் கம்பிவலை.

கர்ப்பிணிக்கு: காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றுவலி, வாந்தி, ரத்தக்கசிவு இருந்தாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ காத்திருக்காதீர்கள். எத்தனையாம் மாதமானாலும் பரிசோதனைக்கு வாருங்கள், தாமதம் என்று தயங்க வேண்டாம்.

செவிலியக்கா:

கடைசி வரியில் "யாரும் திட்ட மாட்டார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அந்த வரியை எங்கள் பகுதியில் மட்டும் தனியாக ஒட்டிவைக்கிறேன், ஊழியர்கள் பார்க்கிற சுவரில்.

தாழ்வாரம்:

எழுதவில்லை அக்கா.

நேற்று அந்தப் பெண்ணிடம் மறுபடியும் காட்டினேன். இந்தத் தடவை வேகமாகப் படித்தார். தனக்கான பகுதியைத் திரும்பப் பார்க்கவே இல்லை. வீட்டு உரிமையாளருக்கான மடிப்பை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் கொடுத்ததாகச் சொல்லக் கூடாது, நீங்களே வந்து ஒட்டிவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார்.

இரவுப்பணியாளன்:

அச்சானதும் எனக்கும் ஒரு கட்டு அனுப்புங்கள். இரவில் தெருவெல்லாம் சுற்றுகிற வேலைதான், நான் ஒட்டிவிடுகிறேன்.